கிருமியின் அடுக்களை

மக்களினத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் பிணிகளுள் காசநோய் தலையாயது. என்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் நாட்டார் அதனை வழங்குவர். அந்நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்கிருமியே என்பதை ஜெர்மானிய மருத்துவ அறிஞராகிய இராபர்ட் காக் என்பார் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிஞர் கூடிய அவையில் எடுத்துரைத்தார். பகைவன் இன்னான் என்று தெரிந்த பின்னரும், அவனை வெல்லும் படைக்கலம் கைவர அறுபது ஆண்டுகள் சென்றன. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநையசிடும், 1960-களில் ரிஃபாம்பிசினும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

இத்துணை மருந்துகள் இருந்தும் நோய் ஒழிந்ததோ எனின், இல்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 8 லட்சம் மக்கள் காசநோய்க்கு ஆளாயினர் என்றும், அவ்வாண்டில் அந்நோயால் இறந்தோர் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நோயுற்றோருள் நால்வரில் ஒருவர் நம் இந்திய நாட்டினர். இன்னும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருகின்றன. காசநோய்க் கிருமி மட்டுமன்று; பலவகைக் கிருமிகளும் மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டன. அவ்வாற்றலே நேர்க்காரணமாக 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆதலின், புதிய மருந்து தேடுதல் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று; உயிர்காக்கும் கடமையாகும்.

அங்ஙனம் தேடுவோர் செல்லும் வழிகளுள் ஒன்றனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழிலக்கியம் பயிலும் நமக்கு இரசாயன சாலையில் இடம் யாது என வினவுவோர் இருக்கலாம். நோயால் வருந்துவோருள் பலர் தமிழன்றி வேறு மொழி அறியாதார். அவர்தம் உடலினுள் நிகழும் போரை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தலும் தமிழ் மாணாக்கர் கடன் என்பதே நம் விடை.

கிருமியைக் கொல்லும் பொருள்கள் உலகில் பல. தீயும் கொல்லும், காரமும் கொல்லும். ஆயினும் அவை நோயாளியையும் உடன் கொல்லும். பயிரையும் களையையும் ஒருங்கே அரியும் அரிவாளால் உழவனுக்கு யாது பயன்? ஆகவே, கிருமிக்கு நஞ்சாகவும் மனிதனுக்கு ஊறின்றியும் இருப்பதே நன்மருந்தாகும். இதற்கு வழி யாதெனின், நம் உடலில் இல்லாததும் கிருமியினிடத்து இன்றியமையாததுமாகிய ஒரு செயலைக் கண்டுபிடித்து அதனை மாத்திரம் தடுத்தலாம்.

இவ்வுண்மையை உலகம் தெளிவாகக் கண்டது சல்ஃபா மருந்துகளின் வரலாற்றிலே. ஜெர்மனியில் ஜெரார்டு டோமாக் என்பார் புரோண்டோசில் என்னும் செஞ்சாயம் ஒன்று சீழ்க்கிருமிகளால் எலிகளுக்கு வரும் சாவைத் தடுத்தலைக் கண்டு 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாயம் உடலினுள் உடைந்து சல்ஃபனிலமைடு என்னும் எளிய பொருளைத் தருகின்றது என்பதும், கிருமியைத் தடுப்பது அப்பொருளே என்பதும் அவ்வாண்டிலேயே பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் ஆய்ந்து கண்டனர். அஃது எவ்வாறு வேலை செய்கிறது என்பது மட்டும் சில ஆண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. 1940-இல் இலண்டனில் பால் ஃபில்ட்சு என்பாரின் குழுவில் இருந்த டொனால்டு ஊட்சு என்பார் அம்மறையை அவிழ்த்தார். கிருமி தனக்கு வேண்டும் ஒரு வைட்டமினைச் சமைத்துக்கொள்ள மூலப்பொருள் ஒன்றனைப் பயன்படுத்துகின்றது. சல்ஃபனிலமைடு அம்மூலப்பொருளைப் போலவே உருவம் உடையது. ஆள்மாறாட்டம் செய்து வாயிற்காவலனை ஏய்க்கும் ஒற்றனைப் போல அது கிருமியின் சமையலில் நுழைந்து வேலையைக் கெடுக்கின்றது. மனிதனோ ஃபோலிக் அமிலம் எனப்படும் அந்த வைட்டமினைச் சமைப்பதே இல்லை; கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் ஆயத்தமாகவே பெறுகின்றான். எனவே, சமையலைக் கெடுக்கும் மருந்தால் சமைப்பவனுக்கே கேடு. வாங்கி உண்பவனுக்கு இல்லை.

நிற்க. இனி அமினோ அமிலங்களைப் பற்றி அறிதல் வேண்டும். உயிர்ப்பொருள்கள் யாவற்றுக்கும் உடலாகவும் கருவியாகவும் இருப்பவை புரதங்கள். தசையும் புரதம், உணவைச் செரிப்பிக்கும் நொதிகளும் புரதம், கிருமியின் உட்கருவிகளிற் பெரும்பாலானவும் புரதமே. இப்புரதங்கள் யாவும் 20 வகை அமினோ அமிலங்களைப் பலவாறு வரிசைப்படுத்திக் கோத்த மாலைகளாகும். தமிழில் முதலெழுத்துக்கள் முப்பதே. எனினும் அவற்றைக்கொண்டு எண்ணிறந்த சொற்களையும் நூல்களையும் ஆக்குகின்றோம். அதுபோலவே இருபது எழுத்துக்களால் இயற்கை எண்ணிறந்த புரதங்களை எழுதுகின்றது.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவனது பெட்டியில் மகரம் என்னும் ஓரெழுத்து மாத்திரம் தீர்ந்துபோயிற்று. ஏனைய எழுத்துக்கள் குவியல் குவியலாகக் கிடப்பினும் அவனால் ஒரு பக்கத்தை முடித்தல் இயலுமோ? மகரம் வரும் இடந்தோறும் கை நின்றுவிடும். அமினோ அமிலங்களின் நிலையும் அத்தகையதே. இருபதில் ஒன்று குறைந்தாலும் புரதங்கள் முற்றுப்பெறா. புரதம் இன்றேல் உயிரி வளராது.

இனி, இவ்வெழுத்துக்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? இங்கேதான் நமக்கும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். இருபதில் ஒன்பதை நம் உடல் ஆக்கவல்லதன்று. டிரிப்டோபேன், லைசின், லூசின், ஐசோலூசின், வாலின், மெதியோனின், திரியோனின், ஃபினைல்அலனின், ஹிஸ்டிடின் என்பன அவை. இவற்றுள் திரியோனினை 1935-ஆம் ஆண்டளவில் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞராகிய வில்லியம் ரோசு என்பார். மனிதன் உணவினின்று பெற்றே தீரவேண்டிய அமினோ அமிலங்கள் யாவை என்பதனையும் அவர் மாணாக்கர்களைக் கொண்டு பரிசோதித்து வரையறுத்தார். இவ்வொன்பதையும் நாம் பாலிலிருந்தும் மீனிலிருந்தும் பருப்பிலிருந்தும் அடைகின்றோம். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெதியோனின் குறைவு; அரிசியில் அது மேம்பட்டது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் நம் வழக்கம் ஒன்றன் குறையை ஒன்றால் நிரப்பிக்கொள்ளும் நல்வழக்கமாகும்.

கிருமிகளுட் பலவோ இருபதையும் தாமே ஆக்கிக்கொள்கின்றன. நம் குடலில் வாழும் ஈகோலை என்னும் கிருமியைச் சர்க்கரையும் சில உப்புக்களும் மட்டுமே கரைந்த நீரில் இட்டாலும் அது செழித்து வளரும். காசநோய்க் கிருமியும் அத்தகையதே. சுருங்கச் சொல்லின், மனிதன் கடையில் வாங்கி உண்பவன். கிருமி தன் வீட்டு அடுக்களையிலே சமைத்து உண்பது. அவ்வடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டால் கிருமி பட்டினியால் வாடும். அடுக்களையே இல்லாத நமக்கு அதனால் நேரும் குறை யாது? இதுவே இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையான எண்ணமாகும்.

இவ்வெண்ணம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு வயல்வெளியே சான்று. செடிகளும் தமக்கு வேண்டும் அமினோ அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்வன. டிரிப்டோபேன் முதலிய மூன்றும் ஒரே பாதையில் பிறக்கின்றன. ஜப்பான் தேசத்து ஷிகிமி என்னும் மரத்தின் பெயரால் அதனை ஷிகிமிக் பாதை என்பர். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லி 1974-இல் விற்பனைக்கு வந்தது. அஃது அப்பாதையிலுள்ள ஒரு நொதியைத் தடுத்தே செடியை மடிவிக்கின்றது என்பது 1980-இல் தெரியவந்தது. அதனால் விளையும் பிற தீமைகளைக் குறித்து எழுந்துள்ள வழக்கு வேறு. அதனை ஈண்டு ஆராயோம். அமினோ அமிலச் சமையலைத் தடுத்தால் உயிரி மடியும் என்னும் அளவே நமக்கு வேண்டுவது. இத்தகைய மற்றொரு களைக்கொல்லியினத்தைச் சார்ந்த பொருள் ஒன்றனை 1998-இல் காசநோயுற்ற எலிகளுக்கு அறிஞர் கொடுத்துப் பார்த்தனர். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்றன் ஆக்கத்தைத் தடுக்கும் அப்பொருள் எலிகளின் உடலில் நோயின் வளர்ச்சியையும் தடுத்தது. வயலுக்கும் நுரையீரலுக்கும் இடையே இங்ஙனம் ஒரு பாலம் அமைந்தது.

ஆயினும் இவ்விடத்தே ஒரு பெருந்தடை எழுகின்றது. அதனை மறைத்தல் நேர்மையன்று. முன்னர்க் கூறிய பால் ஃபில்ட்சு என்பார் 1941-இல் இண்டோல் அக்ரிலிக் அமிலம் என்னும் பொருளைக்கொண்டு கிருமிகளின் டிரிப்டோபேன் சமையலைத் தடுத்துக் காட்டினார். கிருமிகள் வளராது நின்றன. ஆனால் அந்நீரில் சிறிதளவு டிரிப்டோபேனைக் கலந்தவுடன் அவை மீண்டும் வளரத் தொடங்கின. என்னை? வெளியிலிருந்து உணவு கிடைத்தபின் அடுப்பு அணைந்தால் என்ன, எரிந்தால் என்ன? நம் குருதியில் எல்லா அமினோ அமிலங்களும் கரைந்தோடுகின்றன. மருந்தால் அடுக்களையை இழந்த கிருமி நம் பந்தியிலேயே அமர்ந்து உண்ணுமாயின், மருந்தினால் பயன் யாது? இக்கருத்தே நெடுங்காலம் இத்துறையில் அறிஞர் பலரும் நாட்டங் கொள்ளாமைக்குக் காரணமாயிற்று.

தடை வலிதே. ஆனால் எல்லாக் கிருமிகளுக்கும் அஃது ஒருபடித்தாகப் பொருந்துமோ? அதனை அறியும் வழி பரிசோதனை ஒன்றே. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் லூசின் சமைக்கும் ஆற்றலை நீக்கிய காசநோய்க் கிருமிகளை உண்டாக்கினர். குருதியில் லூசின் இருக்கவும், அக்கிருமிகள் உடலணுக்களினுள் பெருகவில்லை. நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாத எலிகளின் உடலிற் செலுத்தியபோதும் அவை நோயை விளைக்கவில்லை. பின்னர் நியூயார்க் நகரில் வில்லியம் ஜேக்கப்ஸ் என்பாரின் ஆராய்ச்சிச் சாலையில் மெதியோனின் ஆக்க இயலாத கிருமிகளையும், அர்ஜினைன் ஆக்க இயலாத கிருமிகளையும் படைத்து ஆராய்ந்தனர். முன்னதன் முடிவு 2015-லும் பின்னதன் முடிவு 2018-லும் வெளிவந்தன. அக்கிருமிகள் வளராது நின்றதோடு அமையாமல் விரைந்து மடிந்தன. எலிகளின் உடலினின்றும் ஒழிந்தன. அர்ஜினைனை நம் உடலும் ஒருவாறு ஆக்கவல்லது. ஆயினும் அதனைக் கிருமி நம்மிடமிருந்து வேண்டிய அளவு கவர இயலவில்லை என்பதே கருதத்தக்கது. காசநோய்க் கிருமி தானே சமைத்து உண்டு பழகியது. பிறரிடம் இரந்து உண்ணும் திறத்தில் மிகவும் குறைந்தது. ஃபில்ட்சு காலத்துத் தடைக்கு இதுவே விடையாயிற்று.

இதனினும் வியப்பான செய்தி டிரிப்டோபேனைப் பற்றியது. காசநோய்க் கிருமி நம் நுரையீரலுட் புகுந்ததும், கிருமிகளை விழுங்கும் இயல்புடைய பேரணுக்கள் அதனை விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்ட கிருமி மடியாமல் அவ்வணுவினுள்ளேயே குடியிருக்கின்றது. அப்பொழுது நம் உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் இண்டர்ஃபெரான் காமா என்னும் செய்தியை அனுப்புகின்றன. அதனைப் பெற்ற பேரணு ஒரு நொதியைச் சுரந்து தன்னகத்துள்ள டிரிப்டோபேனைச் சிதைத்துவிடுகின்றது. அஃதாவது, உள்ளே புகுந்த பகைவனுக்கு உணவு கிடைக்காதவாறு வீட்டுக்காரனே தன் களஞ்சியத்தை அழித்துவிடுகின்றான். டிராக்கோமா என்னும் கண்ணோயை விளைக்கும் கிருமி இவ்வாறான பட்டினியால் ஒடுங்குகின்றது. காசநோய்க் கிருமியோ ஒடுங்குவதில்லை.

ஏன் ஒடுங்குவதில்லை என்பதனைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்குதல் எளிது. பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்ட வரலாற்றை அறியாதார் நம்முள் இலர். அம்மலையில் உழவின்றியே மூங்கில்நெல்லும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் கிடைத்தலின், நெடுநாள் சூழ்ந்திருந்தாலும் அதனைக் கொள்ளல் அரிது என்று கபிலர் வேந்தர்க்கு உரைத்ததைப் புறநானூறு காட்டும். வெளியிலிருந்து வரும் உணவைத் தடுப்பதே முற்றுகையின் வன்மை. உள்ளேயே உணவு விளையுமாயின் முற்றுகை வீணாம். காசநோய்க் கிருமியும் அவ்வாறே தனக்கு வேண்டும் டிரிப்டோபேனைத் தானே விளைத்துக்கொண்டு நம் உடலின் முற்றுகையை எள்ளி நகைக்கின்றது. கொடைக்குப் பெயர்பெற்ற வள்ளலின் மலையைக் கொடுநோய்க் கிருமிக்கு ஒப்புக் கூறியது ஒருபுடை உவமை என்றே கொள்க.

இச்செய்தியை 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் எரிக் ரூபின் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். அவர்கள் அதனோடு நின்றிலர். டிரிப்டோபேன் சமையலில் இடைப்பொருளாக வரும் அந்த்ரானிலிக் அமிலத்தைப் போன்ற உருவமுடைய, ஃபுளூரின் சேர்ந்த ஒரு பொருளைக் கிருமிக்குக் கொடுத்தனர். சல்ஃபா மருந்தின் ஆள்மாறாட்டமே இங்கும் நிகழ்ந்தது. கிருமியின் அடுப்பு அணைந்தது. அதுகாறும் பயன்படாதிருந்த உடலின் முற்றுகை மீண்டும் வலிமை பெற்றது. உடல் வெளியுணவைத் தடுக்கும்; மருந்து உள்விளைவைத் தடுக்கும். இரண்டும் ஒருங்கே சேர்ந்தவிடத்துப் பகைவன் தப்புதல் அரிது. மருந்து தனித்துப் போரிடாமல் உடலின் காவற்படையோடு தோளிணைந்து நிற்றல் இம்முறையின் தனிச்சிறப்பாகும்.

2017-ஆம் ஆண்டில் மற்றொரு படி ஏறினர். டிரிப்டோபேன் ஆக்கத்தின் கடைசிப் படியை முடித்துவைக்கும் நொதி ஒன்று உண்டு. அஃது இரு கூறுகள் இணைந்த அழகிய இயந்திரம். முதற்கூறு இண்டோல் என்னும் பொருளைச் செய்கின்றது. அப்பொருள் வெளியே சிந்திவிடாமல் ஒரு சுரங்கவழியாக இரண்டாங்கூற்றை அடைகின்றது. அங்கே அது டிரிப்டோபேனாக மாறுகின்றது. அச்சுரங்கத்தின் நீளம் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ 40 லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வாண்டில் கண்டறியப்பட்ட புதுப்பொருள் ஒன்று இவ்விரு கூறுகளும் பொருந்தும் மூட்டிலே சென்று ஆப்பைப் போல இறுகிக்கொள்கின்றது. இயந்திரம் அசையாது நிற்கின்றது. ஆராய்ச்சிச் சாலையில் அப்பொருள் காசநோய்க் கிருமியைக் கொன்றது. காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமியால் நோயுற்ற வரிமீன்களிடத்தும் அது பயன் தந்தது. ஆயினும் இவற்றுள் எதுவும் இன்றுவரை நோயாளிக்கு வழங்கும் மருந்தாக நிலைபெறவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இத்தகைய பொருள்களை எங்ஙனம் தேடுகின்றனர்? முறை எளிது, பொறுமை பெரிது. உணவு நிறைந்த சாற்றில் ஒரு பகுதிக் கிருமிகளையும், சர்க்கரையும் உப்பும் மட்டும் உள்ள எளிய நீரில் மற்றொரு பகுதிக் கிருமிகளையும் வளர்ப்பர். ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாக இரண்டிலும் இடுவர். இரண்டிலும் கிருமியைக் கொல்வது வேறு வகை நஞ்சு. நிறைந்த சாற்றில் யாதும் செய்யாமல், எளிய நீரில் மாத்திரம் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளே இவர்கள் தேடும் பொருள். அது கிருமியின் சமையலில் கைவைத்துள்ளது என்பது போதரும். அடுத்து, எளிய நீரில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கலந்து பார்ப்பர். எதனைக் கலந்தபோது கிருமி மீண்டும் வளர்கின்றதோ, அதன் ஆக்கமே தடைப்பட்டது என்று துணிவர். ஃபில்ட்சு காலத்தில் மருந்தின் குறையாகத் தோன்றிய அதே நிகழ்ச்சி இன்று மருந்தின் இலக்கைக் காட்டும் கைவிளக்காயிற்று. கானடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன் என்பாரின் குழுவினர் இம்முறையால் ஈகோலைக் கிருமியின் சமையலைத் தடுக்கும் சில பொருள்களைக் கண்டு 2013-இல் வெளியிட்டனர்.

கண்டுபிடித்தலோடு வேலை முடிந்ததில்லை, தொடங்குகின்றது. முதலாவது, மருந்து கிருமியின் உட்புகுதல் வேண்டும். காசநோய்க் கிருமி மெழுகுபோன்ற தடித்த சுவரை உடையது. நொதியைத் தனியே எடுத்துச் சோதிக்கும்போது வென்ற பொருள்கள் பல அச்சுவரிடத்தே தோற்கின்றன. ஒரு பெரிய மருந்து நிறுவனத்தார் 1995 முதல் 2001 வரை கிருமிகளின் பல்வேறு இலக்குகளை நோக்கி 67 பெருந்தேடல்களை நடத்தினர். அவற்றுள் மேற்செல்லத்தக்க பொருள் கிடைத்தவை ஐந்தே என்று 2007-இல் அவர்களே வெளியிட்டனர்.

இரண்டாவது, பரிசோதனைக்குரிய பிராணியின் உடலும் மனிதனுடலும் ஒன்றல்ல. மெக்மாஸ்டர் குழுவினர் பயோட்டின் என்னும் வைட்டமினைக் கிருமி ஆக்காதவாறு தடுக்கும் பொருளை ஆராய்ந்தபோது இதனைக் கண்டனர். எலியின் குருதியில் பயோட்டின் மனிதக் குருதியிலுள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலின், எலியினுடலில் கிருமி அவ்வைட்டமினை வேண்டியமட்டும் பெற்று மருந்தை வென்றுவிடும். எலியின் குருதியை மனிதக் குருதியின் அளவுக்குக் கொணர்ந்து பார்த்த பின்னரே அப்பொருளின் பயன் விளங்கிற்று. இது 2020-இல் வெளியான செய்தி. அமினோ அமிலங்களைத் தேடுவோர்க்கும் இது நல்லதோர் எச்சரிக்கை. கிருமி வாழும் இடத்தில் என்ன உணவு எவ்வளவு கிடைக்கின்றது என்று அளந்தறியாமல், அடுப்பை அணைத்தலால் பட்டினி விளையும் என்று முடிவுசெய்தல் ஆகாது.

மூன்றாவது, காலம். ஈகோலைக் கிருமி நல்லுணவு பெற்றால் 20 நிமிடங்களில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். தட்டில் அதன் கூட்டத்தைக் கண்ணாற் காண மூன்று நான்கு வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். ஒரு வினாவை வினவி விடை பெறுவதற்குள் ஒரு திங்கள் கழிகின்றது. நான்காவது, எந்த மருந்தையும் எதிர்த்து நிற்கும் வழியைக் கிருமி நாளடைவில் காணும். ஆதலால் புதுமருந்தும் தனித்து வழங்கத்தக்கதன்று; பிற மருந்துகளோடு சேர்த்தே வழங்கத்தக்கது.

இச்சேர்க்கை மருத்துவத்தைப் பற்றிப் பேசுமிடத்து நம் சென்னை மாநகரை மறத்தல் இயலாது. 1956-ஆம் ஆண்டில் இங்கே காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளர் மலைச்சாரலிலோ ஊர்ப்புறத்திலோ அமைந்த ஆரோக்கிய நிலையங்களில் ஓய்வும் நல்லுணவும் பெற்றாலன்றிப் பிழையார் என்று கருதினர். சென்னை நிலையத்தார் நோயாளருள் ஒரு சாராரை ஆரோக்கிய நிலையத்திலும், மற்றொரு சாராரை அவரவர் ஏழைக்குடிலிலும் வைத்து இருசாரார்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு வழங்கினர். குடிலில் இருந்தோர் உண்ட உணவு எளிது, ஓய்வும் குறைவு. எனினும் இருசாராரும் ஏறத்தாழ ஒப்பக் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. சரியான மருந்து இருப்பின் ஏழையும் தன் வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இன்று பரவுதலே அந்நம்பிக்கைக்கு நேர்ந்த இடர். புதுமருந்து தேடுவோர் காக்கப் புகுந்தது அதனையே. ஆகவே அவர்கள் காணும் மருந்து வாயால் விழுங்கத்தக்கதாகவும், ஏழைக்கு எட்டும் விலையினதாகவும் அமைதல் வேண்டும்.

இதனைப் படிப்போர், 'அமினோ அமிலங்கள் கிருமிக்கு உணவாயின், நோயாளி பாலும் பருப்பும் ஒழித்தல் நன்று போலும்' என்று மயங்குதல் கூடாது. கிருமி தன் உணவைத் தானே ஆக்குவது. நோயாளி பட்டினி கிடப்பதால் அது மெலியாது. மெலிவது நோயாளியின் காவற்படையே. ஜார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளரின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் மிகுதியாக வழங்கிப் பார்த்தனர். அங்ஙனம் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் தொகை நூற்றுக்கு 39 முதல் 48 வரை குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டனர். பசியும் காசநோயும் கைகோத்து நடப்பன என்பது இதனால் நன்கு விளங்கும்.

ஆகவே இப்போரின் நெறியை இரண்டு சொற்றொடரில் அடக்கிவிடலாம்: நோயாளிக்கு உணவு, கிருமிக்குப் பட்டினி. முன்னது அரசினர்க்கும் அண்டை அயலார்க்கும் உரிய கடமை. அதற்குப் பெரிய ஆராய்ச்சிச் சாலை வேண்டுவதில்லை. ஈரநெஞ்சம் இருந்தாற் போதும். பின்னது இரசாயனமும் உயிர்நூலும் பயில்வோர்க்கு உரியது. நம் கல்லூரியிலும் அத்துறைகளில் உழைக்கும் நண்பர்கள் பலர் உளர். நுண்கண்ணாடியின் முன் அமர்ந்து அவர்கள் காணும் சிறு புள்ளி ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடுக்களை உடையது. அவ்வடுக்களையின் கதவு எங்கே, அடுப்பு எங்கே என்று தேடும் பணி இன்னும் முடிந்தபாடில்லை. அதனைத் தேடிச் செல்வோர் நம்மிடையினின்றும் எழுவாராக. அவர்கள் காண்பதனைத் தமிழ் மக்கள் அறியத் தமிழில் எடுத்துரைக்க நாமும் பின்னிற்க மாட்டோம்.